நான்கு மாதுளை முத்துகள்

"எதுக்குக் குடிக்கிறீங்க?" என்று கேட்காமல் அந்தம்மா யாருக்கும் மாதுளை ஜூஸ் பிழிந்து கொடுத்ததில்லை. இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். ஏறத்தாழ ஐந்து மாதம், எந்த ஷிப்டாக இருந்தாலும், நாளுக்கு ஒருமுறை அவருடைய தள்ளுவண்டி முன்னால் நின்றிருக்கிறேன். நான் நின்ற நேரங்களில் வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. முதல்முறை வருகிறவர்கள் திகைப்பார்கள். சிலர் சிரித்துவிட்டு, ஜூஸை எதற்குக் குடிப்பார்கள் என்று திருப்பிக் கேட்பார்கள். ஒருவர் தாகத்துக்குத்தான் என்று கோபமாகச் சொன்னார். "அப்ப சரிங்க" என்று உடனே பழத்தை எடுத்தார் இவர்.

தாகம் என்பது அவரிடம் செல்லுபடியாகும் பதில். வெயில், களைப்பு, காய்ச்சல் விட்டபின் வாய்க்கசப்பு, வெறும் ஆசை, இவையும் செல்லும். ரத்தம் ஊறணும், பிரஷர் இறங்கணும், கொழுப்பு கரையணும் என்று யாராவது தொடங்கினால்தான் கத்தி நின்றுவிடும். "மாத்திர என்ன சாப்டுறீங்க?" என்பது அடுத்த கேள்வி.

வண்டி நின்ற இடம் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப்பை விட்டு வடக்குத்து ஊர்ப் பக்கம் போகிற சாலையில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரில், ஒரு வேப்பமரத்தடியில். பக்கத்தில் ஒரு இளநீர்க்காரர். அவர் வயதில் இளையவர், வாயில் பெரியவர். "இந்தக்கா ஜூஸ் விக்க வரல சார், சென்சஸ் எடுக்க வந்திருக்குது. அடுத்து வூட்ல எத்தினி பேரு, கேஸு சிலிண்டர் யாரு பேர்ல இருக்குதுன்னு கேக்கும்" என்பார். அந்தம்மா நிமிர்ந்து பார்க்காமலே, உனக்கென்ன, தலையைச் சீவிவிட்டால் வேலை முடிந்தது என்பார். இது ஏழு வருடத்துக்கு முந்திய கதை. இப்போது வண்டி அங்கே இல்லை. மகள் இருக்கும் ஊருக்கு, மேல்பட்டாம்பாக்கம் பக்கம், குடிபோய்விட்டதாகக் கேள்வி. அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டு வைக்காததால் இங்கே எழுதவில்லை.

நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான கைகள், எப்போதும் ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் புடவைமேல் போட்டிருப்பார். பலாவும் முந்திரியும் விளைகிற பக்கம் எங்களுடையது. மாதுளை வெளியிலிருந்து பெட்டியில் வரவேண்டும். பண்ருட்டி மார்க்கெட்டில் போய் ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்த்து எடுத்துவருவார். பழத்தின் கொண்டையைக் கத்தி முனையால் வட்டமாக எடுத்து, தோலில் மேடு தெரிகிற இடங்களில் மட்டும் கீறி, இரண்டு கையாலும் மெல்ல விரிப்பார். பழம் ஐந்தாறு அறைகளாகத் திறந்துகொள்ளும். மஞ்சள் சவ்வு ஒரு துணுக்கு முத்தோடு போனாலும் கசக்கும் என்பதால் அதை எடுத்து முடிக்கும்வரை பேசமாட்டார். மிக்ஸி கிடையாது. கையால் அழுத்திப் பிழிகிற மெஷின்தான். விதை அரைபடக் கூடாதாம். தண்ணீர், சர்க்கரை, ஐஸ் மூன்றும் கேட்டாலும் கிடைக்காது.

தோலின் கறை ஏறி அவருடைய நகங்கள் கறுத்திருக்கும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் நிலக்கரித் தூள் கூட்டுகிற காண்ட்ராக்ட் வேலை அவருடைய கணவருக்கு. இரண்டு பேரும் ஒரே தட்டில் கைவைத்தால் யார் கை எது என்று தெரியாது என்று ஒருமுறை சொன்னார்.

மாதுளையைப் பற்றி அவரிடம் இருந்த அறிவு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் நான் நெடுநாள் யோசித்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவர். போனில் வருகிற மருத்துவச் செய்திகளை நம்பாதவர். ஒரு பிரிண்டிங் கடைக்காரர் அன்பாக ஒரு ஃபிளெக்ஸ் அடித்துக் கொண்டுவந்தார். மாதுளையின் பதினைந்து பயன்கள், பெரிய எழுத்தில், ஒரு இதயத்தின் படத்தோடு. இவர் முதல் வரியில் விரல் வைத்து, இதை யார் சொன்னது என்று கேட்டார். நெட்டில் இருந்தது என்றார் அவர். இரண்டாவது வரியில் விரல் வைத்தார். அதுவும் நெட்டில் இருந்தது. ஏழாவது வரிக்கு வரும்போது பிரிண்டிங் கடைக்காரருக்கே அலுத்துவிட்டது. ஃபிளெக்ஸ் வீணாகவில்லை. எழுத்து கீழே இருக்கும்படி திருப்பிப் போட்டு அதன்மேல் பழக்கூடைகளை வைத்தார்.

அவருடைய வழி வேறு. பிரஷர் என்று சொல்லி வருகிறவரைத் திருப்பி அனுப்புவார். "டாக்டர கேட்டுட்டு வாங்க, பழம் எங்கயும் ஓடிடாது." கேட்டு வந்தால், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார். நல்லதுதான் என்றார் என்று சொன்னால் போதாது. எவ்வளவு, எந்த மாத்திரையோடு, தினமுமா என்று துருவுவார். அப்படி வந்த பதில்கள் எல்லாம் அவருக்குள் இருந்தன. பதினாறாம் பிளாக் ரிட்டயர்டு சார் இந்த மாத்திரை சாப்பிட்டார், அவருடைய டாக்டர் ஜூஸ் வேண்டாம் என்றார். சுரங்கத்தில் மேற்பார்வை பார்க்கிற ஓவர்மேன் வீட்டம்மா வேறு மாத்திரை, அவருக்குச் சின்ன டம்ளர் போதும் என்றார்கள். கிட்னி கம்ப்ளைன்ட் என்று சொன்ன இரண்டு பேருக்கும் இரண்டு டாக்டரும் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அதனால் மூன்றாவதாக வந்தவருக்குக் கெஞ்சியும் கொடுக்கவில்லை. இப்படி டவுன்ஷிப்பின் பாதி வைத்தியம் அந்த வேப்பமரத்தடியில் சேர்ந்திருந்தது. ஆனால் ஒருவர் பதிலை இன்னொருவருக்கு மருந்தாகக் கொடுத்ததே இல்லை. இப்படி ஒருத்தருக்குச் சொன்னார்கள், உங்களுக்கு என்னவென்று கேளுங்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு மாலை கல்லூரிப் பெண் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தார். மகளுக்கு ரத்தம் கம்மி, தினம் மாதுளை கொடுக்கப் போகிறேன் என்றார். சொன்னது பக்கத்து குவார்ட்டர்ஸ்காரம்மா. இவர், சிவந்திருக்கிறதெல்லாம் ரத்தம் ஆகாது என்று தாயிடம் சொல்லிவிட்டு, பெண்ணிடம் டம்ளரை நீட்டினார்.

"வாய்க்கு நல்லாருக்குன்னு குடி பாப்பா. ரத்தத்துக்குன்னு குடிக்காத. ரத்தத்துக்கு டாக்டரு குடுத்தத முழுங்கு."

"நான் எதுக்குக் குடிச்சேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் ஆன்ட்டி?"

"அடுத்த மாசம் டெஸ்ட் எடுப்பாங்கல்ல, அதுல எழுதி வரும்."

காரில் வந்து கண்ணாடியை மட்டும் இறக்கி ஜூஸ் கேட்ட ஒரு பெரிய அதிகாரிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும், பிழியாமல் சிறு கிண்ணத்தில் முத்துகளைக் கொடுத்து மென்று தின்னச் சொன்னார். பிழிந்தால் நாரெல்லாம் போய் இனிப்பு மட்டும் மிஞ்சும், தின்றால் வயிறு மெதுவாக வாங்கிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. நான் யாரென்று தெரியுமா என்றார் அதிகாரி. "தெரியாதுங்க. சுகர் எவ்ளோன்னு சொன்னா போதும்." கார் போய்விட்டது. மறுநாள் அதே கார் வந்தது. இந்த முறை அவர் இறங்கி நின்று கிண்ணத்தைக் கேட்டு வாங்கினார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த விதத்தைச் சொல்கிறேன். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு. அனல்மின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் வேலை. மணிக்கு ஒருமுறை நீராவியின் அழுத்தம், வெப்பம், நீர்மட்டம் எல்லாம் பார்த்து எழுதவேண்டும். இருபத்தாறு வருடம் எழுதியவனுக்கு வீட்டிலும் எழுதாமல் இருக்க முடியாது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு வைத்திருக்கிறேன். வானிலை, பஸ் வந்த நேரம், யார் வந்தார்கள், என்ன சாப்பிட்டேன். வருடாந்திர மருத்துவப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் அதிகம் என்று தெரிந்ததும் நாட்குறிப்பில் இரண்டு பத்திகள் கூடின. ஒன்றில் அழுத்தம், இன்னொன்றில் மாத்திரை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று சீட்டில் எழுதியிருந்தது. போட்டதும் டிக் அடிப்பேன். ஒரு வேளையும் தவறியதில்லை.

அதே வாரம் என் மனைவிக்குப் போனில் மாதுளை பற்றிச் செய்தி வந்தது. தினம் ஒரு டம்ளர், நூறு நோய்க்கு விடை. அவள் சொல்லித்தான் வண்டிக்குப் போனேன். பிரஷருக்கு என்று சொன்னேன். மாத்திரையின் பெயரும் அளவும் சட்டைப்பையில் இருந்த நாட்குறிப்பில் இருந்தன. படித்துக் காட்டினேன். டாக்டரைக் கேட்டீர்களா என்றார். இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன். மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அங்கேயே எழுதிக்கொண்டு மறுபடி போனேன். சின்ன டம்ளர், சர்க்கரை போடாமல். பிரஷர் கொஞ்சம் இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம். மாத்திரைக்குப் பதிலாக இல்லை. நான் படித்ததை அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். உங்களைப் போல எல்லாரும் எழுதிக்கொண்டு வந்தால் எனக்குப் பாதி வேலை குறையும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்ததை மறைக்கவேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் எனக்குத் தலைச்சுற்றுவதைக் கவனித்தேன். தினமும் இல்லை. இரவு ஷிப்ட் வாரம் முடிந்து, ஞாயிறு விடுமுறை கழித்து, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கும் முதல் ஷிப்டில் மட்டும், எட்டு மணி வாக்கில். அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது முள்ளும் எண்ணும் ஒருபக்கமாகச் சாயும். நாற்காலிக் கையைப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் சரியாகும். ஷிப்ட் மாறும்போது எல்லாருக்கும் உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எழுதி வைத்தேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கண்ட்ரோல் ரூமில் உட்காரத் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள் என்ற பயம். பக்கத்து இருக்கை நண்பர், திருநெல்வேலிக்காரர், ஒருநாள் என் முகத்தைப் பார்த்து, "அந்தச் செவப்புத் தண்ணிய நிறுத்தும்வே, அதான் உம்ம ஆட்டுது" என்றார். நானும் ஜூஸைத்தான் சந்தேகித்தேன். ஆனால் தினம் குடிக்கிற ஜூஸ் மூன்று வாரத்துக்கு ஒரு திங்கட்கிழமை மட்டும் ஏன் ஆட்டவேண்டும் என்று புரியவில்லை.

இதற்கு நடுவே வேறொன்றும் நடந்தது. இரவு ஷிப்ட் தொடங்குகிற சமயம் எடுத்த ரத்த அழுத்த அளவுகள் கூடுதலாக இருந்தன. மருத்துவர் என் நாட்குறிப்பை வாங்கிப் பார்த்தார். மாத்திரை ஒருநாளும் விடுபடவில்லை, ஆனாலும் அழுத்தம் ஏறுகிறது. எனவே மாத்திரையை இரட்டிப்பாக்கினார். கையிலுள்ள அட்டை தீர்ந்ததும் புதியதைத் தொடங்கச் சொன்னார். பழைய அட்டை ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் தீர்ந்தது. அன்று எட்டேகாலுக்கு, அளவு எழுதிக்கொண்டிருந்தபோது, பேனா கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் நிமிர முடியாமல் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நல்லவேளையாக நண்பர் டீ வாங்கப் போயிருந்தார். அப்போது அதை நல்லவேளை என்றுதான் நினைத்தேன்.

இரண்டரை மணி வாக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி வண்டிக்கு வந்தேன். சட்டைப்பையில் புது அட்டை இருந்தது. இரவு முதல் அதுதான்.

"மாத்திர எதுனா மாத்துனாங்களா சார்?" வாரம் ஒருமுறை அவர் எல்லோரிடமும் கேட்பது அது. மாற்றினார்கள், இரட்டிப்பு என்றேன். கத்தியைக் கீழே வைத்தார்.

"பிரஷர் எறங்கலன்னுதான் கூட்டுவாங்க. உங்க மூஞ்சியப் பாத்தா ஒரேயடியா எறங்கிப் போன மாதிரி இருக்குதே."

ஏனோ அவரிடம் சொல்லிவிட்டேன். காலையில் தரையில் உட்கார்ந்தது முதல். மருத்துவரிடம் சொல்லாததையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னாலும் நான் இதே திங்கட்கிழமை இப்படித்தான் வண்டிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்றார். அதற்கு முந்திய தடவை முகம் கழுவத் தண்ணீர் கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. நாட்குறிப்பைத் திறந்து மாத்திரைப் பத்தியைக் காட்டினேன். நாளுக்கு இரண்டு டிக், வரிசையாக, மாதக்கணக்கில். விரலை மேலிருந்து கீழே மெல்ல இழுத்துப் பார்த்தார்.

"எழுதனது சரியாத்தான் இருக்குது. இத மூடிட்டு சொல்லுங்க சார். நேத்து எத்தினி வாட்டி தூங்குனீங்க?"

எனக்குக் கேள்வி விளங்க நேரம் பிடித்தது. நேற்று ஞாயிறு. இரவு ஷிப்ட் முடித்து ஆறரைக்கு வீடு வந்தேன், ஏழு மணிக்குப் படுத்தேன், இரண்டு மணிக்கு எழுந்தேன். இரவு ஒன்பதரைக்குப் படுத்து விடியற்காலை நாலரைக்கு எழுந்தேன். இரண்டு தடவை என்றேன்.

"தூங்கப் போறப்ப ஒன்னு, எழுந்திரிச்சதும் ஒன்னு. அப்பிடித்தான போட்டுகினு வரீங்க?"

ஆமாம் என்றேன். ஒரு எவர்சில்வர் தட்டைத் துடைத்து முன்னால் வைத்தார். பிரித்து வைத்திருந்த பழத்திலிருந்து ஒரு முத்தை எடுத்து, நேற்று காலை படுக்கப் போகும்போது ஏழு மணி, என்று வைத்தார். எழுந்து டிபன் சாப்பிட்டு இரண்டரை மணி, இன்னொரு முத்து. ராத்திரி படுக்கும்போது ஒன்பதரை மணி, ஒன்று. இன்று விடியற்காலை டூட்டிக்குக் கிளம்பும்போது ஐந்து மணி, ஒன்று. நான்கு முத்துகள் தட்டில் ஒரே வரிசையில் இருந்தன. நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடிவதற்குள் நான்கு.

"இதுல எது நேத்து சார், எது இன்னிக்கி?"

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஷிப்டுக்காரன் வீட்டில் காலை என்பது அவன் கண் விழிக்கிற நேரம். பகல் இரண்டு மணிக்கு என் மனைவி இட்லி வைத்து, காலை டிபன் ஆறுகிறது என்று கூப்பிடுவாள். எங்களில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை. இரவு என்பது விளக்கை அணைத்துப் படுக்கிற நேரம், வெளியே வெயில் அடித்தாலும். என் நாட்குறிப்பிலும் நான் தூங்கினால்தான் நாள் முடியும். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போட்ட மாத்திரைக்குச் சனிக்கிழமையின் இரவு வேளையாக டிக் அடித்திருந்தேன். அதனால் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டுதான் இருந்தது. இரவு ஷிப்ட் தொடங்கும்போது இதே கணக்கு மறுபக்கம் இழுத்து, ஒரு முழுநாள் இடைவெளி விழுந்திருக்கிறது. அதுதான் ஏறிய அழுத்தம். இரட்டிப்பு மாத்திரையோடு அடுத்த மாறுகிற நாள் வந்திருந்தால் எட்டு மாத்திரையின் கனம் ஒரே நாளில் என்மேல் இறங்கியிருக்கும். இருபத்தாறு வருடம் மணிக்கு மணி எழுதியவன் நான். மருத்துவர் படித்தவர். என் மனைவி அந்த மாத்திரைகளைக் கையில் எடுத்துக் கொடுத்தவள். எங்கள் மூவருக்கும் தெரியாதது, என் தூக்கத்தைப் பார்த்தேயிராத ஒரு பெண்மணிக்கு, பழம் வெட்டிக்கொண்டிருந்தபோது தோன்றியது. அன்று எனக்கு வந்த மரியாதையை நான் வேறு எந்த மனிதர்மேலும் உணர்ந்ததில்லை.

மறுநாள் மருத்துவரிடம் தலைச்சுற்றல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் நாட்குறிப்பை மறுபடி வாங்கிப் பார்த்தார். பிறகு புது அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, சீட்டில் காலை, இரவு இரண்டையும் அடித்து, எட்டு மணி, எட்டு மணி என்று எழுதினார். தூக்கத்தில் இருந்தாலும் அலாரம் வைத்து எழுந்து போடவேண்டும். யாரும் என்னைக் கண்ட்ரோல் ரூமிலிருந்து மாற்றவில்லை. மூன்று வாரம் கழித்து வந்த திங்கட்கிழமை எட்டு மணியிலிருந்து நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒன்பது மணி அளவுகளையும் எழுதி முடித்தபிறகுதான் கையை எடுத்தேன்.

ஆனால் நான் சொல்லவேண்டியது அந்த மதியத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது.

தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தபோது அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் மாறியிருந்தது. மணி என்ன என்று கேட்டார். இரண்டு நாற்பத்தொன்று என்றேன்.

"எங்க வூட்டுக்காரரு மூணு மணிக்கு எழுந்திருப்பாரு சார்."

அவருடைய கணவருக்கும் அன்று காலையோடு இரவு வாரம் முடிந்திருந்தது. மறுநாள் முதல் ஷிப்ட். இரண்டு மாதமாகச் சர்க்கரைக்கு மாத்திரை, இரண்டு வேளை. எழுந்ததும் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று சொல்லிக் கொடுத்தவர் இவர்தான். ஷிப்ட் மாறுகிற நாளில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று கணவர் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். சுரங்கத்து வேலை அப்படி என்று இவர் விட்டுவிட்டார். இதையெல்லாம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, ஒவ்வொன்றாக, தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டேன். அவர மட்டும் கேக்கல."

போன் செய்யலாமே என்றேன். பகலில் தூங்கும்போது போனை அணைத்துவிடுவாராம். இளநீர்க்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். கேலி எதுவும் சொல்லாமல் அரிவாளை இளநீர்க் குலைமேல் வைத்துவிட்டு மொபெட்டை உதைத்தார். "ஏறுக்கா" என்றார். வண்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லக்கூட அந்தம்மாவுக்கு நேரம் இல்லை.

நான் இரண்டு கடைகளுக்கும் நடுவில், கம்பெனிச் சட்டையோடு, ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றேன். இளநீர் கேட்டு வந்தவரிடம் எனக்குச் சீவத் தெரியாது என்றேன். மாதுளை கேட்டு ஒரு அம்மா வந்தார். "எதுக்குக் குடிக்கிறீங்க?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என் சட்டையை மேலும் கீழும் பார்த்து, "ஏன் சார், கம்பெனியில இதுக்கும் ஆள் போட்டுட்டாங்களா?" என்றார். மூட்டுவலிக்கு என்று சொன்னார். மூட்டுவலிக்கு யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அவர் ஒரு பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். அந்தம்மா இதை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு ஆளிடமும், சிரிப்பையும் கோபத்தையும் வாங்கிக்கொண்டு செய்துவந்திருக்கிறார் என்பது வண்டிக்குப் பின்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

மூன்று ஐம்பத்தைந்துக்கு மொபெட் திரும்பியது. இறங்கியவர் நேரே குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். அவரே சொன்னார்.

"கையில வெச்சிகினு இருந்தாரு சார். டிபன் தின்னுட்டு, மாத்திரய உள்ளங்கையில வெச்சிகினு, தண்ணிக்கி சொம்பத் தேடிகினு இருந்தாரு."

சொம்பு அன்று காலை இவர் கழுவிக் கவிழ்த்து வேறு இடத்தில் வைத்திருந்தாராம். இளநீர்க்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்று இல்லாத வாடிக்கையாளருக்கு இளநீர் சீவிக்கொண்டிருந்தார்.

சுகாதார நிலையத்து நர்சம்மாவுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். அந்த வேளை மாத்திரை வேண்டாம், மாலையில் ஆளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எப்போது எப்போது போட்டார் என்று எழுதிக் கொண்டுவாருங்கள் என்று சொன்னார்களாம். இனி எத்தனை மணிக்குப் போடவேண்டும் என்று நாமே ஒன்று எழுதிக் கொடுக்கலாமா என்று நான் கேட்டேன். கூடாது என்று தலையாட்டினார். அதை டாக்டர்தான் எழுதவேண்டும். நடந்ததை மட்டும் நான் எழுதினால் போதும்.

நாட்குறிப்பிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அதுவரை அதிலிருந்து நான் தாள் கிழித்ததில்லை. வண்டியின் ஓரத்தில் வைத்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, ஒவ்வொரு தூக்கமும் ஒவ்வொரு மாத்திரையும் வந்தன. கடைசியாக, இன்று டூட்டி முடிந்து வந்து படுக்கும் முன் போட்டது என்றார். திங்கள் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் பழக்கத்தில் 'கா' என்று தொடங்கியிருந்தேன். கறுத்த நகங்கள் என் பேனாவின்மேல் வந்து அழுத்தி நிறுத்தின.

"மணி போடுங்க சார்."

எத்தனை மணி என்று கேட்டேன். கணவர் பஸ்ஸை விட்டு இறங்கியது, குளித்தது, கஞ்சி குடித்தது எல்லாவற்றையும் கண்ணை மூடிக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஏழு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது என்றார். எழுதியிருந்த எழுத்தை அடித்துவிட்டு, 6.50 என்று எழுதினேன்.